அணைத்துப் போட்டால் விரலை ஏற்காத போன்: பூட்டு உள்ளே என்ன செய்கிறது?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். என் பெரியம்மா பல வருஷமாக வண்டன்மேடு பக்கம் காய் எடுக்கப் போகிறவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள், கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஜீப் குலுங்கியதில், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை நழுவி ரோட்டில் விழுந்துவிட்டது. உள்ளே வெற்றிலை பாக்கு, கொஞ்சம் சில்லறை, போன். தோட்டத்தில் இறங்கி இடுப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்னால் வந்த இன்னொரு ஜீப் ஓட்டுநர் கண்ணில் அந்தப் பை பட்டது. நல்ல மனிதர். போனைத் திறந்து, கடைசியாகப் பேசியிருந்த எண்ணைக் கூப்பிட்டார். அது என் எண். சாயங்காலம் போன் கைக்கு வந்துவிட்டது. ஒரு பைசா போகவில்லை.

ஆனால் அன்று ராத்திரி அந்தப் போனை வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பூட்டே இல்லை. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் உள்ளே போய்விடலாம். கேலரியில் ஆதார் அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும். 2020-ல் கேரளத்துக்குள் போக இ-பாஸ் கேட்டபோது எடுத்த படம் அது. அதன் பிறகு போனே மாறிவிட்டது, படம் மட்டும் கூடவே வந்திருக்கிறது. ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், ஏடிஎம் அட்டை, அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட். தொடர்புப் பட்டியலில் ‘ஏடிஎம்’ என்று ஒரு பெயர். அதன் கீழே நாலே நாலு இலக்கம்.

“ஏன் பெரியம்மா, ஒரு லாக் போட்டு வச்சிருக்கலாம்ல?”

“கை பூராம் ஈரமும் மண்ணுமா இருக்கும் சாமி. ரேகை வச்சாத் திறக்க மாட்டேங்குது. லாக் போட்டிருந்தா அந்தத் தம்பி உன்னைய எப்பிடிக் கூப்பிட்டிருக்கும்? போனே வந்திருக்காதுல்ல?”

அந்தக் கேள்விக்கு அன்று ராத்திரி என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பூட்டு என்று நாம் சொல்வது போனுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்துவிட்டால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்பது தானாகவே விளங்கும். யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

பூட்டு என்றதும் நமக்குக் கதவுதான் நினைவுக்கு வரும். கதவைச் சாத்தினால் உள்ளே வர முடியாது, திறந்தால் வரலாம். பழைய போன்களில் பூட்டு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஆனால் கதவுக்கு ஒரு குறை உண்டு. ஊரடங்கு நேரத்தில் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் சோதனைச் சாவடியை அடைத்து வைத்திருந்தார்களே, அப்போதும் காட்டுப் பாதை தெரிந்தவர்கள் நடந்தே அந்தப் பக்கம் போய்வந்தார்கள். சாவடி ரோட்டில்தான் இருக்கிறது, மலை முழுக்க இல்லை. அதேபோல் பழைய போனின் திரைப் பூட்டு திரையை மட்டும்தான் மறித்தது. போனைக் கழற்றி, படங்களும் செய்திகளும் பதிந்திருக்கும் நினைவகச் சில்லை நேராகப் படிக்கத் தெரிந்தவனுக்குத் திரை எதற்கு?

இதற்கு மாற்றாக வந்ததுதான் குறியாக்கம். ஆங்கிலப் பெயரில் என்கிரிப்ஷன் என்பார்கள். கதவை இன்னும் கெட்டியாக்குகிற வேலை இல்லை இது. உள்ளே இருக்கும் பொருளையே வேறொன்றாக மாற்றி வைக்கிற வேலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மறைக்க வேண்டிய எண் 4729 என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு எண் 3152. இதுதான் சாவி. இரண்டையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டுவோம். பத்தைத் தாண்டினால் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். நாலும் மூணும் ஏழு. ஏழும் ஒண்ணும் எட்டு. ரெண்டும் அஞ்சும் ஏழு. ஒன்பதும் ரெண்டும் பதினொண்ணு, அதில் 1 மட்டும். கிடைப்பது 7871. இதைத்தான் போனில் எழுதி வைக்கிறோம். 3152 தெரிந்தவன் கழித்துப் பார்த்தால் 4729 திரும்பக் கிடைக்கும். தெரியாதவன் சில்லைப் பெயர்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாலும் அவனுக்குக் கிடைப்பது 7871. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? காட்டுப் பாதையில் வந்தவன் கண்ணுக்கும் வெறும் குப்பைதான் தெரியும்.

உங்கள் போனுக்குள் நடப்பது இதன் பெரிய வடிவம். கூட்டல் கழித்தலுக்குப் பதில் பல சுற்றுகளாகக் கலைத்துப் போடும் ஒரு முறை இருக்கிறது. ஏ.இ.எஸ். என்பார்கள். ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் உருவாக்கியது. 2001-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் அதை ஏற்றது. சாவியும் நாலு இலக்கம் இல்லை. 256 பிட் சாவி என்றால், எத்தனை விதமான சாவிகள் இருக்க முடியும் என்பதை எழுதவே 78 இலக்கம் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்று எந்தக் கம்ப்யூட்டரும் இறங்க முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த முறை ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்பது சந்தையில் எல்லாத் தரகருக்கும் தெரியும். ஆனால் இந்தத் துண்டுக்குள் இப்போது எந்த விரல் பிடிபட்டது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். முறை ஊருக்கே தெரியலாம், விரல் தெரியக்கூடாது. குறியாக்கத்தின் உயிரே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது: சாவி யாரிடம் இருக்கிறது?

அந்த 78 இலக்கச் சாவியை நாம் மனப்பாடம் செய்வதில்லையே, நாம் போடுவது ஆறு இலக்கம்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. போன் தயாராகும்போதே அதன் முக்கியச் சில்லுக்குள் ஒரு ரகசிய எண்ணைப் பதித்துவிடுகிறார்கள். அது வெளியே வராது. போனின் மற்ற பாகங்கள்கூட அதை எடுத்துப் படிக்க முடியாது. நீங்கள் போடும் ஆறு இலக்கமும் அந்த எண்ணும் சேர்ந்தால்தான் உண்மையான சாவி வெளிப்படும். அதனால் நினைவகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் பாதிச் சாவிகூடக் கையில் இருக்காது. அந்தப் போனிலேயே வைத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம் என்றால், தப்பான எண் போடப் போடக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகும். நாலு இலக்கத்தில் 10,000 வகை இருக்கிறது. ஆறு இலக்கம் என்றால் 10,00,000. கூடுதலாக ரெண்டே இலக்கத்துக்கு நூறு மடங்கு வேலை.

இப்போது பெரியம்மாவின் பூட்டில்லாத போனுக்கு வருவோம். அதிலும் குறியாக்கம் இருந்தது. ஆனால் பயனில்லை. நம்முடைய எண் எதுவும் கலக்காததால், சாவியைப் போனே தானாக எடுத்துத் திறந்துகொள்ளும். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்டது போல. இரும்பு எவ்வளவு கனமாக இருந்தால் என்ன?

எல்லாரும் ஒருமுறையாவது கவனித்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயமே அதிலிருந்துதான் பிடிபட்டது. சார்ஜ் தீர்ந்து அணைந்த போனை மறுபடி போட்டதும் விரல் ரேகையை வைத்தால் ஏற்காது. எண்ணைப் போடு என்று கேட்கும். அந்த எண்ணைப் போடுவதற்கு முன்னால் யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும், ஆனால் பெயர் வராது. வெறும் எண்தான் வரும். உங்கள் அம்மாவே கூப்பிட்டாலும் ‘அம்மா’ என்று காட்டாது.

போன் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கெடவில்லை. அந்த நேரத்தில் போனுக்கே உங்கள் தொடர்புப் பட்டியலைப் படிக்கத் தெரியாது. அது இன்னும் 7871 ஆகவே கிடக்கிறது. நீங்கள் எண்ணைப் போட்டதும்தான் சாவி பிறக்கிறது, பட்டியல் எழுத்தாகிறது. ரேகை அப்படிச் சாவி பிறப்பிக்காது. ஏற்கெனவே பிறந்த சாவி உள்ளே பத்திரமாக இருக்கும்போது, ‘இவர்தான் சொந்தக்காரர், விடு’ என்று அடையாளம் சொல்வது மட்டுமே ரேகையின் வேலை. அணைத்ததும் சாவி அழிந்துபோனதால், அடையாளம் சொல்லியும் பயனில்லாமல் போகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பழக்கம் கிடைக்கிறது. போனைக் கண்காணாத இடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தால் அணைத்துவிட்டுப் போங்கள். திரை பூட்டிய போனைவிட அணைந்த போன் உறுதியானது. திருடியவன் முதல் வேலையாகப் போனை அணைத்தால், உங்கள் படங்களுக்கு அவனே முத்திரை வைத்துவிட்டான் என்று அர்த்தம். மலையில் டவர் கிடைக்காது. தொலைந்த போனை வீட்டிலிருந்தே அழிக்கும் கூகுள் வசதி, போனுக்கு இன்டர்நெட் கிடைத்தால்தான் வேலை செய்யும். குறியாக்கத்துக்கு டவர் வேண்டாம்.

எல்லாப் போனிலும் இது உண்டா? ஐபோன்களில் 2014-ல் வந்த ஐஓஎஸ் 8-லிருந்து கடவு எண் போட்டாலே அநேகமாக எல்லாத் தகவலும் அதோடு கட்டப்பட்டுவிடும். ஆண்ட்ராய்டில் கதை வேறு. 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது வேகமான போன்களுக்கு மட்டும் கட்டாயமாக்கினார்கள். நம் கைக்கு வருகிற விலை குறைந்த போன்களுக்கு விலக்கு. அவற்றின் சில்லுகளில் ஏ.இ.எஸ். கணக்கைப் போட்டால் போன் தவழ ஆரம்பித்துவிடும். 2019-ல் அடியான்டம் என்ற இலகுவான முறையைக் கூகுள் கொண்டுவந்த பிறகு, ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியாகும் போன் எந்த விலையாக இருந்தாலும் குறியாக்கம் இருந்தே ஆக வேண்டும் என்றாயிற்று. பணமுள்ளவர் போனுக்கு நாலு வருஷம் முன்னால் கிடைத்த பாதுகாப்பு, கூலிக்குப் போகிறவர் போனுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எவ்வளவு பழைய போன் என்று பாருங்கள். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் போனால் குறியாக்கம் இருக்கிறதா என்று காட்டும்.

பெரியம்மாவின் ஈரக் கைக்கு என்ன வழி? மண்ணிலும் ஈரத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவது உண்மை. ரேஷன் கடைக் கருவியிலும் இதே பாடுதான். அதிகம் உழைக்காத விரலைப் பதிந்து பார்த்தோம், இடது கை மோதிர விரல். வீட்டில் இருக்கும்போது திறக்கிறது, தோட்டத்தில் திறப்பதில்லை. அங்கே எண்தான். கோடு இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒன்பது புள்ளியில் 3,89,112 விதமாகக் கோடு இழுக்கலாம் என்றாலும், ஆளுக்கு ஆள் இழுப்பது ஒரே மாதிரி நாலைந்து உருவம்தான். எண்ணெய் விரல் திரையில் விடும் தடத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறந்த வருஷமும் வேண்டாம். ஆதார் படத்தில் அதுவும் இருக்கிறது. பெரியம்மா தேர்ந்தெடுத்த ஆறு இலக்கம், அவர் முதல்முதலாக மேட்டுக்கு வேலைக்குப் போன காலத்தோடு சேர்ந்த ஒன்று. எனக்கும் முழுதாகத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

போனில் பதியும் ரேகை எங்கேயோ போய்விடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. போகாது. சில்லுக்குள், மற்ற பாகங்கள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு காவல் பகுதியிலேயே தங்கிவிடும். ஆதாரில் கொடுத்த ரேகை வேறு கதை. அதை வைத்து, வங்கிச் சேவை முகவரிடம் ஏடிஎம் அட்டை இல்லாமலே பணம் எடுக்க முடிகிறது. தேவையில்லாத நாளில் அந்த ரேகையைப் பூட்டி வைக்க ஆதார் இணையதளத்திலும் ஆதார் செயலியிலும் வசதி இருக்கிறது. ரேஷன் வாங்கப் போகும் நாளில் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எண் போட்டாயிற்று. அத்தோடு முடிந்ததா? முடியவில்லை. குறியாக்கம் காக்காத மூன்று இடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் கெடுதல்தான்.

முதலாவது மெமரி கார்டு. போனில் இடம் போதவில்லை என்று கூடுதலாகச் செருகும் அட்டை பெரும்பாலும் குறியாக்கம் இல்லாமல்தான் இருக்கும். போனுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், அட்டையை உருவி வேறு போனில் போட்டால் படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கேமரா அமைப்பில் ‘எங்கே சேமிக்க’ என்று இருப்பதைப் போன் நினைவகத்துக்கு மாற்றுங்கள். பாட்டும் சினிமாவும் அட்டையில் இருக்கட்டும்.

இரண்டாவது, பூட்டிய திரையிலேயே தெரியும் செய்தி. ஓடிபி வந்தால் திரை பூட்டியிருந்தாலும் மேலே பளிச்சென்று ஆறு இலக்கமும் தெரிகிறது அல்லவா? வீட்டை நன்றாகப் பூட்டி, உள்ளே நடப்பதைத் திண்ணையில் நின்று சத்தமாகச் சொல்வதற்குச் சமம். அறிவிப்புகள் பகுதியில், பூட்டிய திரையில் அந்தரங்க உள்ளடக்கத்தைக் காட்டாதே என்று ஒரு தெரிவு இருக்கிறது. போட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது: சிம். சிம் அட்டை போனுக்குள் இருந்தாலும் போனின் பூட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஊசியைக் குத்தினால் தட்டு வெளியே வரும். அதை வேறு போனில் போட்ட நொடியிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய ஓடிபியெல்லாம் அவனுக்குப் போகும். யுபிஐ ரகசிய எண் மறந்துவிட்டது என்று சொல்லிப் புதிது அமைக்க என்ன கேட்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும், இல்லையென்றால் ஆதார் எண்ணின் முதல் ஆறு இலக்கம், கூடவே ஓடிபி. பெரியம்மாவின் கேலரியில் அட்டையும் ஆதாரும் இருந்தன. அதே போனுக்குள் சிம்மும் இருந்தது. தனித்தனியாக இருந்தால் பெரிய ஆபத்தில்லாத மூன்று பொருள், ஒரே சுருக்குப் பையில் சேர்ந்து ரோட்டில் கிடந்திருக்கிறது. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முதலில் வருகிறது.

சிம்முக்கும் தனிப் பூட்டு உண்டு. பட்டன் போன் காலத்திலிருந்தே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. அமைப்புகளில் ‘சிம் பூட்டு’ என்று தேடினால் வரும். போட்டுவிட்டால், சிம்மை எந்தப் போனில் செருகினாலும் அந்த எண்ணைக் கேட்கும். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் அதில் ஓர் ஆரம்ப எண் இருக்கும். அது என்ன என்று சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். மூன்று தடவை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் குறியாக்கம் எல்லாம் கிடையாது, இந்த ஒரு பூட்டுதான் காவல்.

இப்போது அந்தப் படங்கள். பூட்டும் குறியாக்கமும் இருந்தாலும், திறந்த போன் அடுத்தவர் கையில் இருக்கும் நேரம் நிறைய. பேரன் கேம் விளையாடுகிறான், பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு ஒரு போன் பண்ணிக்கொள்கிறார். அப்போது எந்தக் குறியாக்கமும் உதவாது. அதனால் போனில் இருக்க வேண்டாததை எடுத்துவிடுவதே நல்லது. ஏடிஎம் எண்ணைத் தொடர்பிலிருந்து அழித்தோம். அட்டையின் படத்தையும் அழித்தோம். அழித்தது உடனே போய்விடாது. கூகுள் போட்டோஸில் குப்பைத்தொட்டிக்குப் போய் 30 அல்லது 60 நாள் கிடக்கும், அங்கேயும் போய்க் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்துக்கு அங்கே ஒரு தனிப் பிரதி இருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

ஆதார் இல்லாமல் எல்லையில் முடியாதே என்றார் பெரியம்மா. உண்மைதான், எங்கேயாவது கேட்கிறார்கள். ஆதார் இணையதளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இறக்கிக்கொள்ளலாம். 12 இலக்கத்தில் கடைசி நாலு மட்டும் தெரியும், மற்றது மறைந்திருக்கும். அடையாளம் காட்ட அது போதும். இறக்கும் கோப்புக்கு ஒரு கடவுச்சொல் கேட்கும்: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். பெயரும் வயதும் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம், அதனால் கடவுச்சொல் இருக்கிறதே என்று முழு ஆதாரையும் அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். 2015-ல் வந்த டிஜிலாக்கர் என்ற அரசின் ஆவணச் செயலி இன்னும் நல்லது. ஆவணம் கேலரியில் கிடக்காது, அதற்கென்று தனிக் கடவு எண் உண்டு, அதில் காட்டும் ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸும் ஏற்க வேண்டும். ஆனால் டவர் இல்லாத இடத்தில் அது கைகொடுக்காது. அதனால் எங்கள் வீட்டில் ரெண்டும் வைத்திருக்கிறோம்.

ஜீப்புக்காரரிடமும் பேச வேண்டியிருந்தது. பாஸுக்கு, சம்பளக் கணக்குக்கு, எதற்கு வேண்டுமானாலும் எல்லாருடைய ஆதாரும் அவர் வாட்ஸ்அப்புக்குத்தான் போகிறது. வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து அனுப்புகிறவர் போனுக்கும் வாங்குகிறவர் போனுக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் இருக்கிறது. துண்டுக்குள் விரல்தான். ஆனால் துண்டை எடுத்த பிறகு இரண்டு போனிலும் படம் வெட்டவெளிச்சமாக இருக்கும். ஒரு ஜீப்பில் பன்னிரண்டு பேர் போனால், பன்னிரண்டு குடும்பத்து ஆதாரும் அவர் ஒருவர் போனில். அவர் பூட்டுப் போடவில்லை என்றால் நாம் போட்ட பூட்டுக்கு அர்த்தமில்லை. “வேலை முடிஞ்சதும் அழிச்சிருங்கண்ணே” என்றேன். அவரும் அன்றைக்கே உட்கார்ந்து அழித்தார்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பூட்டு எண் கேட்பார்கள். கேட்காமல் சில வேலை முடியாது, எல்லாக் கடைக்காரரும் தப்பானவர்களும் இல்லை. சாம்சங் போன்ற சில போன்களில் பராமரிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் திறக்கும், ஆனால் உங்கள் படமும் செய்தியும் தெரியாது. இல்லாத போனில், உடனிருந்து வாங்கிக்கொண்டு வந்து எண்ணை மாற்றிவிடலாம். விற்கும்போது மட்டும் ஒரு நல்ல செய்தி. குறியாக்கம் உள்ள போனை முழுதாக மீட்டமைத்தால் (ஃபேக்டரி ரீசெட் என்பார்கள்), அது ஒவ்வொரு படமாகத் தேடி அழிக்க வேண்டியதில்லை. சாவியைத் தூக்கிப் போட்டுவிடும். மிச்சம் இருப்பது யாருக்கும் திறக்காத 7871. அதற்கு முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள், இல்லையென்றால் வாங்குகிறவர் திண்டாடுவார்.

தொலைந்தே போனால்? முதல் போன் சிம் நிறுவனத்துக்கு, சிம்மை முடக்க. அடுத்தது வங்கிக்கு. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு 2023-ல் திறந்த சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால், நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்குவார்கள். கேரளமா தமிழ்நாடா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. *#06# என்று அழுத்தினால் அந்த எண் வரும். போன் கையில் இருக்கும்போதே அழுத்தி, ரேஷன் கார்டு அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். தொலைந்த பிறகு எதில் அழுத்துவது?

பெரியம்மாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. பூட்டியிருந்தால் அந்த ஓட்டுநர் எப்படிக் கூப்பிட்டிருப்பார்?

பூட்டிய திரையிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம். திரைப் பூட்டு அமைப்புக்குள் ‘பூட்டுத் திரையில் உரை சேர்’ என்ற மாதிரி ஓர் இடம் இருக்கிறது. யார் கையில் எடுத்தாலும் திறக்காமலே அதைப் படிக்கலாம். ஒரு எண் எழுதினால் போதும், அதுவும் தொலைந்த போனின் எண்ணாக இருக்கக்கூடாது, வீட்டில் இன்னொருவர் எண்ணாக இருக்க வேண்டும். பெயர், ஊர், முகவரி எதுவும் வேண்டாம்.

எங்கள் போன் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. மெட்டுக்கு இந்தப் பக்கம் தேனி, அந்தப் பக்கம் இடுக்கி. அதனால் தமிழில் நான் ஒரு வரி எழுதினேன். மலையாளத்தில் ஒரு வரி குமுளியில் கடை வைத்திருக்கும் நண்பர் எழுதி அனுப்பினார். என் எண்ணைக் கீழே போட்டேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“கொண்டாந்து குடுக்கிறவங்களுக்கு ஒரு காப்பித்தண்ணி குடுப்போம்னு சேத்து எழுது சாமி.”

இடம் இருந்தது. சேர்த்து எழுதினேன்.